காலடிக் கணக்கு

வன்னியில் வயதுபோனவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லும்போது ஒரு வார்த்தை அடிக்கடி வரும். 'அவன் எங்களைக் கணக்கெடுக்கிறதில்லை' என்பார்கள். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அது ஒரே தொனியில்தான் ஒலிக்கும். இங்கே கணக்கெடுப்பது என்றால் எண்ணுவது என்று அர்த்தமில்லை. மதிப்பது, பொருட்படுத்துவது, ஒரு காரியத்தைத் தொடங்குமுன் ஒரு பேச்சுக்காவது கேட்பது என்று அர்த்தம். எண்ணிக்கையோடு சம்பந்தப்பட்ட ஒரு சொல்லை நமது பேச்சுத் தமிழ் மரியாதைக்கு எடுத்துக்கொண்டது தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணும்போது விடுபட்டுப்போகிறவர் சாப்பாட்டு நேரத்திலும் விடுபட்டுப்போகிறார். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல் பிறந்திருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு நேரடியான ஓர் அர்த்தமும் வந்து சேர்ந்திருக்கிறது. கட்டாரிலும் துபாயிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தாய் தந்தையருக்குக் காலடிகளை எண்ணும் மணிக்கூடுகளை அனுப்பிவைக்கிறார்கள். அது கையில் கட்டியிருப்பவர் ஒரு நாளில் எத்தனை அடி நடந்தார், நெஞ்சு எத்தனை தரம் துடித்தது, இரவு எத்தனை மணித்தியாலம் தூங்கினார் என்பதைக் குறித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் கைத்தொலைபேசிக்கு அதைக் கொடுக்கிறது. அங்கிருந்து கம்பனியின் கணினிக்குப் போகிறது. பகிரும் வசதியைத் திறந்து வைத்திருந்தால், தோஹாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் மகன் பஸ்ஸில் இருந்தபடியே தன் வாப்பா இன்று எவ்வளவு நடந்தார் என்று பார்த்துவிடலாம்.

இப்போது இந்தப் பிள்ளைகள் பெற்றோரைக் கணக்கெடுக்கிறார்கள். ஒவ்வோர் அடியாக எடுக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பழைய குறை தீர்ந்துவிட்டதா? எண்ணப்படுவதும் மதிக்கப்படுவதும் ஒன்றுதானா? இக்கட்டுரையில் நான் யோசித்துப் பார்க்க விரும்புவது இதைத்தான்.

*

முதலில் இந்த மணிக்கூடு கேட்கும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பத்தாயிரம் அடி என்பது இன்று ஒரு வைத்தியக் கட்டளையைப்போல எல்லார் வாயிலும் இருக்கிறது. இடுப்பில் மாட்டும் ஒரு ஜப்பானியக் கருவியின் பெயர்தான் அதன் மூலம். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானியர்களிடையே உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த அந்தச் சூழலில், 1965இல் யமசா என்ற கம்பனி 'மன்போ-கெய்' என்ற பெயரில் ஓர் அடியெண்ணியை விற்பனைக்கு விட்டது. மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளக்கும் கருவி. வட்டமான, வாயில் நிற்கும் எண். நீண்ட கால ஆராய்ச்சியொன்றின் முடிவாக அது வரவில்லை. விற்பனைப் பெயராக வந்தது, பின்னர் உலகம் முழுவதற்கும் இலக்காகிவிட்டது.

ஆராய்ச்சி வெகு காலம் பிந்தித்தான் வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் நன்மை எதுவும் தென்படவில்லை. பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022இன் இன்னோர் ஆய்வும், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிவரை போனதும் பயன் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது என்று கண்டது.

இதைச் சொல்வது நடையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல. சீனி வருத்தமும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊர்களில் வயதானவர்கள் நடப்பது நல்லது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அதற்குப் பத்தாயிரம் தேவையில்லை என்பதுதான் விஷயம். ஒரு காலடியை 70 சென்ரிமீற்றர் என்று வைத்தால் பத்தாயிரம் அடி ஏழு கிலோமீற்றர். மூட்டு தேய்ந்த எழுபது வயதுக்காரர் ஆறாயிரம் அடி நடந்துவிட்டு வந்து, வட்டம் நிரம்பவில்லையே என்று தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறார் என்றால், அவரைக் குற்றவாளியாக்கியது அவருடைய உடம்பு அல்ல. அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு வியாபாரப் பெயர்.

*

அடுத்தது, இந்தக் கருவி எப்படி எண்ணுகிறது என்பது. அதற்குக் கால் தெரியாது. கை அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கும் ஒரு சிறு உணரி அசைவின் வேக மாற்றத்தை மூன்று திசைகளில் அளக்கிறது. நடக்கும்போது கை வீசுவதில் ஓர் ஒழுங்கு உண்டல்லவா, அந்த ஒழுங்கைக் கண்டால் ஓர் அடி என்று குறிக்கிறது. நாடித்துடிப்பை அளப்பதற்குத் தோலின்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால், திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதிலிருந்து துடிப்பைக் கணிக்கிறது. அசையாமல் கிடப்பதையும் நாடியின் போக்கையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. நித்திரை வராமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் கிழவரை அது 'நன்றாகத் தூங்கினார்' என்று எழுதிவிடுவதும் உண்டு.

கெட்டித்தனமான கருவிதான். ஆனால் அது யாருடைய நடையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது? இரண்டு கையையும் வீசி, சீரான பாதையில் விறுவிறுவென்று நடக்கும் ஓர் ஆளுடைய நடை அது. நம் ஊரின் வயதானவர்களை அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பொல்லூன்றி நடக்கிறவருடைய கை வீசுவதில்லை. காலைத் தேய்த்து மெதுவாக நடக்கிறவருடைய அடிகளில் பல கணக்கில் விழுவதில்லை. சைக்கிளில் கடைக்குப் போகிறவருடைய கைகள் ஹாண்டிலில் அசையாமல் இருக்கின்றன. வன்னியில் எழுபது வயதிலும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் குறைவில்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது அவர்கள் மட்டும்தான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலையில் விறகுக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அந்தக் கை ஒரு தூணைப்போல நிற்கிறது. சுமை கூடக்கூடக் கணக்கு குறைகிறது.

செயற்கைக் காலுடன் நடப்பவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். யுத்தத்தில் காலை இழந்த மனிதர்கள் வன்னியின் எல்லாக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் இப்போது முதுமையை நெருங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானோரை எழுந்து நடக்க வைத்திருக்கிறது. செயற்கைக் காலில் வைக்கும் ஓர் அடிக்குச் சாதாரண அடியைவிடக் கூடுதலான சக்தி தேவைப்படுகிறது. வெயிலில் வியர்த்து, பொருத்திய இடம் உரசிப் புண்ணாகி, அதோடுதான் அவர்கள் நடக்கிறார்கள். மணிக்கூட்டுக்கு அந்த அடியும் ஒன்று, மாலையில் பொழுதுபோக்காக நடக்கும் இளைஞனுடைய அடியும் ஒன்று.

எண்ணுவது என்றாலே சமமாக்குவதுதான். பத்து மாம்பழம் என்று சொல்லும்போது புளித்ததும் இனித்ததும் ஒன்றாகிவிடுகின்றன. இதில் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணிக்கைக்குள் வராததை இல்லாததாக நாம் நினைக்கத் தொடங்கும்போதுதான் பிழை தொடங்குகிறது.

*

முல்லைத்தீவுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தார். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வவுனியாவை நோக்கி வந்தவர்களில் ஒருவர். புத்தளத்தில் இருபது வருடம். யுத்தம் முடிந்த பின் முதலில் திரும்பியவர்களுடன் அவரும் திரும்பினார். மகன்மார் இருவர் கட்டாரில். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். மூத்த மகன்தான் மணிக்கூட்டை அனுப்பினான்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார், பள்ளிக்கூடக் காலத்துத் தமிழ் நண்பர். இருவரும் 1990க்குப் பின் இருபது வருடம் ஒருவரையொருவர் காணாமல், மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் இருந்தவர்கள். அந்த நண்பர் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரியவர் ஒரு நாள் காலையில் போய் அந்திவரை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். பேச்சு அதிகமில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மணிக்கூடு அவருடைய மணிக்கட்டை அதிரவைத்து, எழுந்து நட என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைய அவருடைய கணக்கு ஆயிரம் அடியைத் தொடவில்லை.

இரவு மகனுடைய குரல் போனில் வந்தது. 'வாப்பா, இண்டைக்கு முழுக்க இருந்துட்டீங்க போல. உடம்பு ஏதும் சரியில்லையா? டொக்டர் நடக்கச் சொன்னவர்தானே.' அன்பாகத்தான் கேட்டிருக்கிறான். பெரியவர் 'ஒண்டுமில்லை மகன், நாளைக்கு நடக்கிறன்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகனுக்கு விளங்காது என்று அவர் நினைக்கவில்லை. ஒரு மௌத்தின் ஓரத்தில் இருந்துவிட்டு வந்தவர், அன்றைக்கு ஏன் நடக்கவில்லை என்று காரணம் சொல்லவேண்டிய இடத்தில் தன்னை நிறுத்த விரும்பவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து அஸருக்குப் பிறகு மணிக்கூடு பேரனுடைய கைக்குப் போனது. பேரன் பந்தடிக்கப் போகிறவன். கட்டாரிலிருந்து சந்தோஷமான குரல் வந்தது. 'மாஷா அல்லாஹ் வாப்பா, பத்தாயிரம் தாண்டிட்டீங்க.'

பெரியவர் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, 'நான் வாயால ஒண்டும் சொல்லல்லையே, இது பொய்யில சேருமா?' என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பொய்யில் சேரும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொய் வாயில் மட்டும் இருப்பதில்லை. நிறுவையில் கை வைக்கும் வியாபாரியும் வாய் திறப்பதில்லை. போதாததற்கு இதில் ஆபத்தும் இருக்கிறது. பத்தாயிரம் நடக்கிறார் என்ற நம்பிக்கையில் மகனோ வைத்தியரோ ஒரு முடிவெடுத்தால், பாதிக்கப்படுவது பேரனுடைய உடம்பு அல்ல. ஆகவே அவருடைய செயலை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

ஆனால் விசாரணையை அத்தோடு முடித்துவிடுவது நேர்மையாகாது. எழுபது வயதுவரை கொடுக்கல் வாங்கலில் ஒரு சதம் பிசகாத மனிதர் இந்தச் சின்னத் தந்திரத்துக்கு ஏன் வந்தார்? பொய் சொல்ல வேண்டியிராத ஓர் இடம் அவரிடம் முன்பு இருந்தது. அவர் எங்கே போகிறார், யாரோடு இருக்கிறார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பதெல்லாம் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடம். மணிக்கூடு அந்த இடத்துக்குள் நுழைந்தது. ஒரு மனிதனுடைய வாழ்வில் எவரும் கணக்குக் கேட்காத ஒரு பகுதி இருக்கவேண்டும். அதை எடுத்துவிட்டால் அவன் வேறு வழியில் அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்வான். குழந்தைகளும் கைதிகளும் செய்வது அதைத்தான். நமது தாய் தந்தையரை அந்த நிலைக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் பெரியவருடைய கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி.

*

தன்னைத் தானே கணக்குப் பார்ப்பது நமது மரபுக்குப் புதியதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்து 857இல் மறைந்த ஹாரிஸ் அல்-முஹாஸிபி என்ற அறிஞரின் பெயரே அதிலிருந்து வந்தது. முஹாஸபா என்றால் தன்னைக் கணக்கு விசாரித்தல். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் இதற்கென்று ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். மனிதன் தன் ஆன்மாவை ஒரு வியாபாரப் பங்காளியாக நினைத்து, காலையில் ஒப்பந்தம் பேசி, பகலில் கண்காணித்து, இரவில் இலாப நட்டம் பார்க்கவேண்டும் என்பது அங்கே விரியும் கருத்து. ஒருவகையில் இந்த மணிக்கூடு செய்வதும் அதுதானே என்று யாராவது கேட்கலாம். காலையில் இலக்கு, பகலில் கண்காணிப்பு, இரவில் கணக்கு.

வேறுபாடு கணக்குப் புத்தகம் யாருடைய கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. முஹாஸபாவில் கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே ஆள். மூன்றாம் ஆள் அங்கே நுழைந்தால் அதன் தன்மையே மாறிவிடும். பிறருடைய கண்ணுக்காகச் செய்வதை முகஸ்துதி என்று நம் பெரியவர்கள் ஏன் அவ்வளவு அஞ்சினார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். தஸ்பீஹ் மணியும் எண்ணத்தான் செய்கிறது. விரலில் மாட்டி அமுக்கும் மின் தஸ்பீஹும் இன்று கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை கட்டாருக்குப் போவதில்லை. நூறு முடிந்ததும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுகிறது. நேற்று எத்தனை என்று எவரும் கேட்பதில்லை.

காலடிகளை எண்ணுவது பற்றியே நமது மரபில் ஒரு சம்பவம் உண்டு, வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். மதீனாவில் பனூ ஸலமா குலத்தார் பள்ளிவாசலுக்குத் தூரத்தில் குடியிருந்தார்கள். கிட்ட வந்து குடியேற அவர்கள் விரும்பியபோது, இருக்கிற இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் பதியப்படுகின்றன என்றும் நபிகளார் அவர்களுக்குச் சொன்னதாக ஹதீஸ்களில் வருகிறது. இதுவும் அடிக்கணக்குத்தான். தூரம் கூடினால் அடி கூடும் என்பதுவரை இரண்டும் ஒன்று. அதற்கு மேல் ஒன்றல்ல. அங்கே அடி பதியப்படுவது அது போகும் இடத்தின் பொருட்டும், போகிறவருடைய நிய்யத்தின் பொருட்டும். நிய்யத்தை நாம் எண்ணம் என்றே தமிழில் சொல்கிறோம். மணிக்கூட்டில் எண் இருக்கிறது, எண்ணம் இல்லை. ஸுபஹுக்குப் பள்ளிக்குப் போன அடியும், பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போன அடியும் அதற்கு ஒரே அடி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்த அந்த நாள் அதற்குச் சோம்பேறித்தனமான நாள்.

நடத்தலை எண்ணத் தொடங்கினால் நடத்தலே மாறிப்போகும் என்பதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜோர்டன் எட்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட பரிசோதனைகளில், தம் அடிகளின் எண்ணிக்கையைக் காட்டப்பட்டவர்கள் கூடுதலாக நடந்தார்கள், ஆனால் நடையைக் குறைவாக அனுபவித்தார்கள். வாசிப்பு, நிறந்தீட்டுதல் போன்றவற்றிலும் இப்படியே நடந்தது. அளக்கப்படும்போது இன்பமான காரியம் வேலையைப்போல ஆகிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. குளக்கட்டில் அந்திக்காற்றில் நடக்கும் கிழவருக்கு அந்த நடை வேலையாகிவிட்டால், நாம் அவருக்குக் கொடுத்ததைவிட எடுத்தது அதிகம்.

*

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் அதே நிறுவையில் வைக்கவேண்டும். பிள்ளைகள் இதை அனுப்புவது பொழுதுபோக்குக்காக அல்ல. தகப்பன் விழுந்து கிடந்து, பக்கத்து வீட்டாருக்கு மறுநாள் தெரியவந்த கதைகளைக் கேட்டவர்கள் அவர்கள். விழுந்தால் தானே அறிந்து செய்தி அனுப்பும் வசதி 2018 முதல் சில மணிக்கூடுகளில் இருக்கிறது. தனியே இருக்கும் முதியவருக்கு அது சிறிய விஷயமல்ல. நாடியின் ஒழுங்கின்மையைக் காண்பதிலும் உண்மையான பயன் இருக்கிறது. அப்பிள் மணிக்கூடு அணிந்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த, 2019இல் வெளியான ஆய்வில், முழுத் தொகையில் அரை சதவீதத்தினருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதானவர்களில் அது மூன்று சதவீதத்தைத் தாண்டியது. பாரிசவாதத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய ஓர் இருதயக் கோளாறை முற்கூட்டிக் காண்பதற்கு முதியவர்களுக்கே இது கூடுதலாக உதவக்கூடும். வைத்திய நிபுணரைக் காண்பதற்குத் தூர இடங்களுக்கு பஸ் ஏறவேண்டிய கிராமத்தவருக்கு இதன் பெறுமதியை நான் மறுக்கமாட்டேன்.

வவுனியாவில் பட்டாணிச்சூரில் ஓர் உம்மாவை எனக்குத் தெரியும். அவரிடமும் இப்படியொன்று இருக்கிறது. மகள் லண்டனிலிருந்து கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர். காலையில் தன் வளவைச் சுற்றி நடக்கிறார். கணக்கைத் தானே பார்த்து, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பேனையால் எழுதி வைக்கிறார். மகளுக்குக் கிழமைக்கு ஒரு நாள் வாயால் சொல்கிறார். 'நான் சொல்லுறன், நீ பார்க்கத் தேவையில்லை' என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பகிர்வதை நிறுத்திவிட்டாராம். மையித்து வீட்டுக்குப் போகும்போது மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறார். ஏன் என்று கேட்டேன். 'அது எண்ணுற நடையில்லை மகன்' என்றார்.

அந்த ஒரு வசனத்தில் இந்தக் கட்டுரையைவிடக் கூடுதலான தெளிவு இருக்கிறது. பெரியவரிடமும் இந்த உம்மாவிடமும் இருப்பது ஒரே வகைக் கருவி. இருவருடைய பிள்ளைகளிடமும் இருப்பது ஒரே அன்பு. ஒருவர் எண்ணப்படுகிறார், மற்றவர் எண்ணுகிறார். எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது, யாருக்குச் சொல்லலாம், எப்போது கழற்றி வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உம்மாவின் கையில் இருக்கிறது.

*

அப்படியானால் பெரியவரும் மறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். வன்னியில் இது அவ்வளவு இலேசான காரியமல்ல. இங்கே வயதானவர்கள் மூன்று தசாப்தங்களாகப் பட்டியல்களில் வாழ்ந்தவர்கள். புத்தளத்தின் முகாம்களில் பங்கீட்டு அட்டை, குடும்பத்தில் எத்தனை தலை என்ற கேள்வி. திரும்பிவந்த பிறகு, நீங்கள் புத்தளத்தில் பதிவா இங்கே பதிவா என்ற கேள்வி. தமிழ்ச் சகோதரர்களுக்கு இதைவிடக் கொடியது நேர்ந்தது. 2009இல் உயிர் தப்பி வந்தவர்கள் செட்டிகுளத்தில் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் எண்ணப்பட்டார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு அரிசி இல்லை, தகரம் இல்லை, வீட்டுத்திட்டம் இல்லை. யார் கடதாசியோடு வந்தாலும் கேட்டதையெல்லாம் சொல்வது என்பது இங்கே ஒரு வாழ்க்கைப் பாடமாகவே ஆகிவிட்டது. தன்னைப் பற்றிய ஒரு விபரத்தைக் கொடுக்காமல் இருக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்பதை இவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய முதல் ஆள் பிள்ளைதான்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், மணிக்கூட்டை முதல் தரம் இயக்கும்போது போனில் விரியும் நீண்ட ஆங்கில ஒப்பந்தத்தின் அடியில் 'சம்மதம்' என்பதை மகனோ பேரனோ அமுக்கிவிடுகிறார்கள். அணிபவர் அதைக் காண்பதேயில்லை. அவருடைய நெஞ்சுத் துடிப்பு அந்த நிமிடத்திலிருந்து இன்னொருவருடைய கணினியில் சேர்கிறது. கம்பனிகள் கைமாறும்போது அது என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. ஃபிட்பிட் கம்பனியை கூகிள் வாங்கி முடித்தது 2021 ஜனவரியில். அமெரிக்காவில் ஜோன் ஹன்கொக் என்ற காப்புறுதிக் கம்பனி, தனது எல்லா ஆயுள் காப்புறுதிகளிலும் உடலசைவைப் பதிந்து சலுகை பெறும் திட்டத்தைச் சேர்ப்பதாக 2018இல் அறிவித்தது. நம் நாட்டில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகுக்கிறது. சட்டம் கம்பனியைப் பார்த்துக்கொள்ளட்டும். குடும்பத்துக்குள் சட்டம் வராது. அங்கே பொருந்தும் சொல் அமானிதம். தகப்பனுடைய நாடித்துடிப்பு மகனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பார்ப்பதற்குமுன் கேட்கவேண்டும். பார்த்ததை மச்சானுக்கும் மாமாவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. அதைக் கொண்டு அவரை அதட்டவே கூடாது.

பெற்றோரிடம் சினந்து ஒரு 'சீ' என்ற சொல்லைக்கூடச் சொல்லாதிருக்கும்படி கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். 'ஏன் நேற்று நடக்கவில்லை?' என்று கேட்பது அதில் சேருமா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கேள்வி மேலிருந்து கீழே வருவது என்பது கேட்கிற எவருக்கும் தெரியும். மேலதிகாரி கேட்கிற கேள்வி அது. தொலைவில் இருக்கும் பிள்ளையின் பயமும் குற்றவுணர்வும் இந்த வடிவத்தில் வெளிவருகின்றன என்பதையும் நான் உணர்கிறேன். கட்டாரில் வெயிலில் நிற்கும் மகனுக்கு வாப்பாவின் அருகில் இருக்க முடியவில்லை. இருக்க முடியாத இடத்தில் ஒரு எண்ணாவது இருக்கட்டும் என்று நினைக்கிறான். அந்த எண் பச்சை நிறத்தில் இருந்தால் அன்றைய கடமை முடிந்தது என்ற நிம்மதியும் வந்துவிடுகிறது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் நான் எச்சரிக்கை செய்யவேண்டும். எண் சரியாக இருக்கும் நாளில் போன் எடுக்காமல் விடுவதற்கு அது காரணமாகிவிடுகிறது. எண் குறைந்த நாளில் மட்டும் அழைப்பு வந்தால், அந்த அழைப்பும் விசாரணையாகிவிடுகிறது.

ஆகவே மணிக்கூடு அனுப்பியிருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம். அந்தக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள். இலக்கை அவர்களும் வைத்தியரும் பேசி வைக்கட்டும். ஐயாயிரம் என்றால் ஐயாயிரம். நாடி பிசகினாலோ விழுந்தாலோ உங்களுக்குச் செய்தி வரட்டும், அதற்கும் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டே செய்யுங்கள். மற்ற நாட்களில் அந்தத் திரையைத் திறக்காமல் போனை எடுங்கள். எத்தனை அடி என்று கேட்காதீர்கள். 'இண்டைக்கு எங்க போனீங்க வாப்பா, ஆரைக் கண்டீங்க?' என்று கேளுங்கள். பதில் நீளமாக இருக்கும். சொன்னதையே சொல்வார்கள், செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்வார்கள், குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார்கள். அதைக் கேட்பதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளில் அரை மணித்தியாலம் தேவைப்படலாம். அதை இந்தக் கருவி மிச்சப்படுத்தித் தரும் என்று நம்பித்தான் நம்மில் பலர் அதை வாங்கியிருக்கிறோம்.